தவளை முட்டையும் அண்ணன் ரத்தமும்

வெற்றிச்செல்விக்கு ஊரில் தவளைக்காரி என்று பெயர். முனைவர் பட்டம் வாங்கி, சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இருபது வருடத்துக்கு மேல் உழைத்தவளுக்கு, குன்னத்துக்குப் பக்கத்துச் சொந்த ஊர் கொடுத்த பட்டம் அதுதான். ஒருமுறை பொங்கலுக்கு வந்திருந்தபோது அண்ணன் அறிவரசன், "நீ அங்க என்னதான் செய்யுற?" என்று கேட்டான். "தவளை முட்டைக்குள்ள ஊசி போடுறேன்" என்றாள். உண்மையைத்தான் சொன்னாள். அண்ணன் சிரித்த சிரிப்பில் கொட்டகையில் கட்டியிருந்த மாடு திரும்பிப் பார்த்தது. மறுநாள் பால் சொசைட்டியில் ஊரே சிரித்தது. "மனுசனுக்கு ஊசி போடத் தெரியாத டாக்டரு, தவளைக்குப் போடுதாம்."

அவள் வேலை என்னவென்று யாரும் உட்கார்ந்து கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். உடம்பில் ஒவ்வொரு செல்லையும் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. அதில் கண்ணுக்குத் தெரியாத வாயில்கள். சோடியம், பொட்டாசியம், கால்சியம் எல்லாம் மின்னேற்றம் கொண்ட அயனிகளாக அந்த வாயில்கள் வழியே உள்ளே வரும், வெளியே போகும். அவை ஒழுங்காகத் திறந்து மூடினால்தான் கை அசையும், இதயம் துடிக்கும். எது அவற்றைத் திறக்கிறது, எது மூடுகிறது, எது அடக்கி வைக்கிறது என்பதுதான் அவள் படிப்பு. ஏரி மதகைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை.

மனிதனின் மரபணுவை நகலெடுத்துத் தவளை முட்டைக்குள் செலுத்தினால், இரண்டு மூன்று நாளில் அந்த முட்டை தன் சவ்வின் மேல் மனித வாயில்களைக் கட்டிக்கொள்ளும். பிறகு முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசிகளை அதில் இறக்கி, உள்ளே ஓடும் மின்சாரத்தை அளக்க வேண்டும். செம்புக் கம்பிவலைக் கூண்டுக்குள் கையை விட்டு வேலை. மின்விசிறி சுற்றினால் ஊசி நடுங்கும். அடுத்த அறையில் டியூப்லைட் எரிந்தால் அளவில் இரைச்சல் விழும். சித்திரை வெயிலில் விசிறியை அணைத்துவிட்டு, முதுகில் வியர்வை ஓட, மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வெயில் கூடினால் தவளைகள் நல்ல முட்டை கொடுக்காது. மாதக்கணக்கில் ஒன்றும் கிடைக்காத காலங்கள் உண்டு. அப்படியே இளமை போயிற்று. அதற்காக அவள் அழுததில்லை.

இந்தப் படிப்புக்கு அவள் வந்ததற்குக் காரணம் அப்பா பிச்சைமுத்து. நல்ல உழைப்பாளி. வெங்காய மூட்டையை ஒற்றை ஆளாக வண்டியில் ஏற்றுவார். ஆனால் வருடத்தில் சில நாள், அதுவும் கடும் வேலை செய்து வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுத்த மறுநாள் காலை, கை கால் எழாது. நினைவு இருக்கும், பேச்சு இருக்கும், உடம்பு மட்டும் சாக்கு மாதிரி கிடக்கும். பொழுது சாய்வதற்குள் தானாகச் சரியாகிவிடும். முனி அடித்துவிட்டது என்று வேப்பிலை அடிப்பார்கள். வெற்றிச்செல்வி பன்னிரண்டாவது படிக்கும்போது, ஒரு தைப்பொங்கலுக்கு மறுநாள் அப்படிப் படுத்தவர் எழவில்லை. டவுனில் ஒரு கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அசதி என்று குளுக்கோஸ் ஏற்றினார்கள். மூச்சு நின்றது. "ரெண்டு பாட்டில் ஏத்தியும் பொழைக்கல" என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். குறை வைக்காமல் வைத்தியம் பார்த்தோம் என்பதுதான் அந்தப் பேச்சின் பொருள்.

பெங்களூரில் ஆய்வு மாணவியாக இருந்தபோது ஒரு புத்தகத்தில் நாலு வரி படித்தாள். தசை வாயிலில் பரம்பரைக் கோளாறு. கடும் வேலைக்குப் பிறகு அதிகச் சோறோ இனிப்போ சாப்பிட்டால் ரத்தத்திலிருக்கும் பொட்டாசியம் தசைக்குள் போய் அடைந்துகொள்ளும், தசை செயலிழந்துபோகும். பொட்டாசியம் கொடுத்தால் சரியாகும். குளுக்கோஸ் ஏற்றினால் மிச்சமிருப்பதும் உள்ளே போய்விடும். படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தாள். அந்த ரெண்டு பாட்டிலும்தான் அப்பாவை முடித்தது என்று அம்மாவிடம் அவள் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது?

அதற்குப் பிறகு வேறு ஆராய்ச்சி எதுவும் அவள் கண்ணில் படவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பங்காளிகளையும் அத்தை மாமன் வழியையும் கூட்டி ரத்தம் எடுத்தாள். வாலிகண்டபுரத்திலிருந்துகூட வந்தார்கள். ஆளுக்கு டீயும் பிஸ்கட்டும் கொடுத்தாள். "பாத்து எடு தாயி, எங்க ரத்தத்துல பெட்ரோல் கிடைச்சா எங்களுக்கும் பங்கு வேணும்" என்று ஒரு சித்தப்பா கேலி பேசினார். "மருந்து எப்ப வரும்?" என்று அண்ணன் கேட்டான். அப்பாவைப் போல அவனுக்கும் சில நாள் கால் விழும், எழுந்திருக்க முடியாது. "பத்து வருசத்துல வந்துடும்ணே" என்றாள். அப்போது அவள் அதை நம்பினாள்.

கண்டுபிடித்தது என்னவோ உண்மை. அந்தக் குடும்பத்தின் கோளாறு வாயிலின் பாதையிலேயே இல்லை. வாயில் ஒழுங்காகத்தான் திறந்து மூடியது. பக்கத்தில், கதவை அசைக்கும் பகுதியில், ஒரு சின்னக் கசிவு. தவளை முட்டையில் அந்தக் கசிவை அவள் அளந்து காட்டினாள். எந்த நிலையில் அது கூடுகிறது, எதனால் குறைகிறது என்றும் காட்டினாள். கட்டுரை வெளிநாட்டு இதழில் வந்தது. "தென்னிந்தியக் குடும்பம் ஒன்று" என்று அதில் எழுதியிருந்தது. அதிலிருந்த வம்சாவளிப் படத்தில் அண்ணன் ஒரு சதுரம். பெயர் போட முடியாது, அது விதி. ஆய்வகத் தலைவர் மாநாட்டுக்கு மாநாடு அந்தப் படத்தைப் போட்டுக் கைதட்டல் வாங்கினார். அவளுக்குப் பதவி உயர்வு வந்தது.

கசிவை அடைக்கும் பொருள் ஒன்றைத் தேடலாம் என்று கிளம்பினாள். அங்கேதான் எல்லாம் நின்றது. லட்சத்தில் ஒருவருக்கு வரும் நோய்க்கு நிதி இல்லை என்று குழு எழுதியது. மறுபடி கேட்டாள். சர்க்கரை நோய்க்கு ஏதாவது செய்யுங்களேன் என்றார்கள். பத்து வருடம் என்றது பதினைந்தைத் தாண்டியது. கடைசியில் அவளை மாணவர் சேர்க்கைக்கும் கட்டடப் பராமரிப்புக்கும் பொறுப்பாகப் போட்டார்கள். ஆய்வக மேசையில் வேறொருத்தர் வந்து உட்கார்ந்தார்.

இத்தனை உழைப்பிலிருந்து ஊருக்குச் சொல்ல அவளிடம் மிஞ்சியது ஒரே வரி. கால் விழுந்தால் குளுக்கோஸ் போடாதே, பொட்டாசியம் கொடு, டாக்டரிடம் இது பரம்பரை என்று சொல். அதைக்கூட அண்ணன் சொல்ல விடவில்லை.

"ஏ செல்வி, பொண்ணு வளர்ற வூடு. பரம்பரை கிரம்பரைன்னு வாயிலயே வரக்கூடாது. எனக்கு வந்தா என்னிக்காவது ஒரு நாளு. எந்திரிச்சிடுறேன்ல? வுடு."

அவள் விட்டாள். அண்ணிக்கு மட்டும் தனியாகச் சொல்லி வைத்தாள். அண்ணி கலைமணி தலையை ஆட்டினாள். அண்ணனை மீறி நடக்கிற தலை இல்லை அது.

போன தை மாதம் அண்ணன் மகள் அபிநயாவுக்கு உடையார்பாளையம் பக்கத்திலிருந்து வரன் கூடிவந்தது. மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்க வருகிறார்கள் என்று அவளை வரச் சொன்னார்கள். அந்தப் பக்கத்தில் பெண் வீட்டில் சாப்பிடாதவரை எந்தப் பேச்சும் முடிந்த பேச்சு இல்லை. தண்ணீர் குடிப்பார்கள், காப்பிகூடக் குடிப்பார்கள். இலை போட்டு உட்கார்ந்து சோற்றில் கை வைத்துவிட்டால்தான் சம்பந்தம். அதற்குப் பிறகு விலகினால் விலகியவன் மேல் பழி.

முதல்நாள் வீட்டில் மக்காச்சோளம் லாரி ஏறியது. அண்ணன் மகன் முத்தமிழ்செல்வன், இருபத்து நாலு வயதுப் பிள்ளை, பகல் முழுக்க மூட்டை தூக்கினான். சாயங்காலம் குலசாமி கோயிலில் கிடா வெட்டு. அண்டாவையும் அவனே தூக்கினான். பிறகு பந்தியில் உட்கார்ந்து, கறிச்சோறும் அதன்மேல் சர்க்கரைப் பொங்கலுமாக ஒரு பிடி பிடித்தான். "போதும்டா" என்று வெற்றிச்செல்வி இரண்டு தடவை சொன்னாள். "அத்தை, சென்னையில நீங்கதான் பட்டினி கிடக்குறீங்க, என்னைய ஏன் இழுக்குறீங்க?" என்றான். பந்தியே சிரித்தது. அந்த வயதுவரை அவனுக்கு ஒருமுறையும் கால் விழுந்ததில்லை. ஒருவேளை தப்பித்துவிட்டானோ என்று அவளும் நினைத்திருந்தாள்.

விடிந்ததும் அண்ணி வந்து அவள் தோளைத் தொட்டாள். "செல்வி, கொஞ்சம் வந்து பாரேன். பய எந்திரிக்க மாட்டேங்குறான்."

உள்ளறைக் கட்டிலில் மல்லாந்து கிடந்தான். சிரித்தான்கூட. "அத்தை, காலு ரெண்டும் வேற யாருதோ மாதிரி இருக்கு." அவள் பேச்சை வளர்க்கவில்லை. கையை அழுத்தச் சொன்னாள். பிடியில் வலு பாதிதான். பையில் எப்போதும் வைத்திருக்கும் பொட்டாசியம் மருந்தைத் தண்ணீரில் கலக்கி வாயில் ஊற்றினாள். பாதி உள்ளே போனது. "பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்ணே" என்றாள்.

"பத்து மணிக்கு வந்துடுவாங்க. அவங்க சாப்பிட்டுப் போனதும் போவோம்" என்றான் அறிவரசன். "நானும் இப்படித்தான் கிடப்பேன். மத்தியானம் எந்திரிச்சிடுவான். யாரும் கேட்டா காய்ச்சல்."

ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு வேளை மருந்து கொடுக்கலாம் என்றிருந்தாள். அதற்குள் வேன் வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில் உட்கார்ந்ததும், அண்ணன் அவளைக் கையோடு இழுத்து வந்து நடுவில் நிறுத்தினான்.

"எந்தங்கச்சி. சயின்டிஸ்ட். பாரின்லாம் போயி பேசிட்டு வந்துருக்கு."

தவளைக்காரி அன்றைக்கு ஒரு நாள் சயின்டிஸ்ட் ஆனாள். மாப்பிள்ளையின் தாய்மாமன் வைரக்கண்ணு, பேச்சுக்காரர், அந்தப் பக்கத்து முடிவு அவர் கையில். மரியாதையாகக் கேட்டார். "என்னம்மா ஆராய்ச்சி? எங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

அண்ணன் அவளையே பார்த்தான். "தவளை முட்டைய வெச்சு ஒரு ஆராய்ச்சிங்க" என்றாள்.

"கோழி முட்டைன்னா நாங்க செய்வோம்" என்றார் வைரக்கண்ணு. கூடம் சிரித்தது. அவர் விடவில்லை. ராக்கெட் விடுவது பற்றிக் கேட்டார், மாடித் தோட்டம் பற்றிக் கேட்டார். சயின்டிஸ்ட் என்றால் எல்லாம் தெரிந்திருக்க வேண்டுமல்லவா? எழுந்து போக வழியில்லாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். பந்திக்கு இலை போட ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் பட்டுப்புடவையோடு அபிநயா வந்து காதருகே குனிந்தாள். மணப்பெண் கூடத்துக்கு வரக்கூடாத நேரம் அது. "அத்தை, சரத்குமார் அண்ணனை வரவெச்சு அப்பா பாட்டில் மாட்டிடுச்சு. எங்கண்ணனுக்குப் பேச்சு குழறுது. வாங்க."

சரத்குமார் ஊரில் மெடிக்கல் கடை வைத்திருப்பவன். காய்ச்சல், அசதி, வயிற்றுப்போக்கு, எதுவானாலும் வீட்டுக்கே வந்து குளுக்கோஸ் ஏற்றிவிட்டுப் போவான். ஊருக்கு அவன்மேல் நம்பிக்கை. வெற்றிச்செல்வி உள்ளே போனபோது, ஜன்னல் கம்பியில் கட்டிய பாட்டிலில் பாதி இறங்கிவிட்டது. முத்தமிழ்செல்வன் தலையைத் தூக்க முடியாமல் கிடந்தான். எச்சில் விழுங்க முடியாமல் கடைவாயில் வழிந்தது. இருமச் சொன்னாள். இருமல் வரவில்லை, காற்றுதான் வந்தது. அவள் குழாயின் திருகை இறுக்கி மூடினாள்.

"ஏய், கைய எடு" என்றான் அறிவரசன். குரலை உயர்த்தவில்லை, கதவுக்கு அந்தப் பக்கம் சம்பந்தி. "சத்தம் வெளிய போகக்கூடாது."

"இது ஏற ஏற இவனுக்கு மோசமாகும்ணே. ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும். இப்பவே."

"மேடம், குளுக்கோஸ்னால யாருக்கும் ஒண்ணும் ஆனதில்ல" என்றான் சரத்குமார். "புள்ளத்தாச்சிக்கே போடுறோம்."

"எங்கப்பாவுக்கு ஆச்சு. ஊசிய எடுங்க."

"அப்பாவ இதுல இழுக்காத" என்றான் அண்ணன். "இலை போட்டாச்சு செல்வி. உக்காந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டாங்கன்னா முடிஞ்சது. அரை மணி நேரம். அப்புறம் நீ எங்க வேணாலும் தூக்கிட்டுப் போ. எம்பொண்ணு வாழ்க்கைடி."

"அந்த அரை மணி இவனுக்கு இருக்கான்னு எனக்குத் தெரியாதுண்ணே."

"தெரியாதா? இத்தன வருசம் படிச்சுட்டுத் தெரியாதா?"

கட்டிலில் கிடந்தவனுக்கு எல்லாம் கேட்டது. இந்த நோயில் காது அடைக்காது, அறிவு மங்காது. கண் மட்டும் அத்தையிடமும் அப்பாவிடமும் மாறி மாறிப் போனது. ஏதோ சொல்ல முயன்றான். மூக்கால் ஒரு சத்தம் வந்தது. அதைக் கேட்டதும் அண்ணி கலைமணி முதல்முறையாகப் புருஷனைத் தள்ளிக்கொண்டு கட்டிலின் தலைமாட்டைப் பிடித்தாள். வெற்றிச்செல்வி அவன் கையிலிருந்து ஊசியை உருவினாள். அபிநயா பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு கால்மாட்டைப் பிடித்தாள்.

கொல்லைப்பக்கம் புது உழவு; கட்டில் போகாது. கூடத்தின் வழியேதான் போக வேண்டும். இலைகளுக்கு நடுவே கட்டில் வந்ததும் பேச்சு நின்றது. வைரக்கண்ணு நல்ல மனுஷர்தான். முதல் ஆளாக எழுந்து ஓடிவந்து ஒரு காலைப் பிடித்தார். வாசலில் நின்றது அவர்களுடைய வேன் ஒன்றுதான். அண்ணனுக்கு இருந்தது டிராக்டரும் பைக்கும்.

"வேன்ல ஏத்துங்க, நம்ம வண்டிதான்" என்றார். டிரைவர் பின்வாங்கினான். "தொத்து நோயா இருந்தா வண்டியில குழந்தைங்கல்லாம் வரணும் சார்." வைரக்கண்ணு அறிவரசனைப் பார்த்தார். "என்ன மாமா நோவு?"

"வெயில்ல மூட்டை தூக்குனான். அசதி."

"அசதிக்கு எச்சி வடியுமா?" என்று டிரைவர் கேட்டான்.

வைரக்கண்ணு வெற்றிச்செல்வியிடம் திரும்பினார். "நீங்க படிச்சவங்க. நீங்க சொல்லுங்கம்மா. தொத்துமா?"

யோசிக்க நேரம் இருந்ததாக அவளுக்கு நினைவில்லை. ஒன்று மட்டும் மனதில் ஓடியது. ஆஸ்பத்திரியிலும் அண்ணன் அசதி என்பான். அங்கேயும் ஒரு பாட்டில் தயாராக இருக்கும். "தொத்தாது" என்றாள். "பரம்பரை. எங்கப்பாவுக்கு இருந்துச்சு. அண்ணனுக்கு இருக்கு. எனக்கும் இருக்கு. கதவத் தொறங்க."

கதவைத் திறந்தார்கள். வேன் கிளம்பியது. கூடத்தில் யாரும் கை நனைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பணியிலிருந்தவர் சின்ன வயது டாக்டர். "நீங்க எம்.பி.பி.எஸ்ஸா?" என்றார் முதலில். இல்லை என்றாள். எந்த வாயில், என்ன கோளாறு, இவனுக்கு எதைக் கொடுக்கக்கூடாது என்று நிதானமாகச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். ரத்தத்தில் பொட்டாசியம் பயப்படும் அளவுக்கு இறங்கியிருந்தது. மானிட்டரில் இதயத் துடிப்பு தடுமாறி ஓடியது. பொட்டாசியத்தைக் குளுக்கோஸ் இல்லாத உப்புநீரில் கலந்து மெல்ல ஏற்றினார்கள். மத்தியானம் கழித்து எச்சிலை விழுங்கினான். பொழுது சாயும்போது கால்விரல் அசைந்தது.

அறிவரசன் வராந்தாவில் அவளுக்காகக் காத்திருந்தான். "போயிட்டாங்க" என்றான். "வேனு திரும்பி வந்ததும் ஏறிட்டாங்க. அண்டாச் சோறு அப்படியே கிடக்கு. வைரக்கண்ணு என்ன சொல்லிட்டுப் போனாரு தெரியுமா? 'மறைச்சிட்டீங்களே மாமா.' நாலு பேரு முன்னாடி."

"புள்ள பொழைச்சிட்டான்ணே."

"அவன் எப்படியும் எந்திரிச்சிருப்பான். நான் எந்திரிக்கல? இத்தன வருசமா நான் எந்திரிக்கல?" சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான். "எங்க ரத்தத்த எடுத்துட்டுப் போயி தவளைக்குக் குடுத்து நீ பேரு வாங்குன. மருந்து வரும்னு சொன்ன. எங்க மருந்து? டீயும் பிஸ்கட்டும் குடுத்த. எம்பொண்ணுக்கு இப்ப யாரு இருக்கா? இனிமே என் வாசப்படி மிதிக்காத."

அவளுக்குப் பதில் இருந்தது. நிதி கிடைக்கவில்லை, லட்சத்தில் ஒருவர், கசிவு மிகச் சின்னது. வராந்தாவில் சொல்லக்கூடிய பதில் அதில் ஒன்றுகூட இல்லை.

ஊரும் அண்ணன் பக்கம்தான் நின்றது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? "குளுக்கோஸ் முழுசா ஏறியிருந்தா பய அங்கயே எந்திரிச்சி உக்காந்துருப்பான். பாதியில புடுங்குனதாலதான் ஆஸ்பத்திரி வரைக்கும் போச்சு" என்று சரத்குமார் கடையில் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான். செத்திருந்தால் அவள் சொன்னது சரி என்று ஒருவேளை பேசியிருப்பார்கள். பிழைத்துவிட்டானே, எதை வைத்து நிரூபிப்பாள்? முத்தமிழ்செல்வன் அவளிடம் பேசவில்லை. வீட்டுக்குப் போகும்போது கட்டைவிரலை லேசாக உயர்த்தினான். அவ்வளவுதான். தங்கை வாழ்க்கை தன்னால் போயிற்று என்ற எண்ணம் அவனுக்கு. பிறகு திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான் என்று கேள்வி.

சென்னைக்குத் திரும்ப அரியலூர் ஸ்டேஷனில் நின்றபோது வைரக்கண்ணுவைப் பார்த்தாள். யாரையோ ரயிலேற்ற வந்திருந்தார். அவரே தேடி வந்து டீ வாங்கிக் கொடுத்தார்.

"உங்களுக்குத்தாம்மா நாங்க நன்றி சொல்லணும்" என்றார் குரலைத் தாழ்த்தி. "நீங்க வாயத் தொறக்கலன்னா கை நனைச்சிருப்போம். மாட்டிருப்போம். கடவுள் மாதிரி காப்பாத்துனீங்க."

அந்த விஷயத்தில் அவளுக்கு நன்றி சொன்ன ஒரே ஆள் அவர்தான். டீயைக் குடிக்காமல் பெஞ்சில் வைத்தாள். "உங்க வேன் இல்லன்னா பய செத்திருப்பான். அதுக்கு நான் உங்களுக்கு நன்றி சொல்லணும்" என்றாள். "மத்தது எதுக்கும் எனக்கு நன்றி சொல்லாதீங்க." அவருக்கு அது புரியவில்லை. பெண் பிள்ளைக்குப் படிப்பு அதிகமானால் பேச்சு இப்படித்தான் என்பதுபோல் சிரித்துவிட்டுப் போனார்.

ஆய்வகத்தில் நடந்ததைச் சொன்னபோது, அவள் மேசையில் இப்போது உட்கார்ந்திருக்கும் பையன் கண்ணை விரித்தான். "மேடம், அருமையான கேஸ். எழுதலாமே?" நல்ல பையன்தான். அவள் கட்டடப் பராமரிப்புக் கோப்பை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள்.

ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் அபிநயாவிடமிருந்து போன் வந்தது. அப்பாவுக்குத் தெரியாமல் பேசுகிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது.

"அத்தை, எனக்குக் கல்யாணம். வாலிகண்டபுரம் குஞ்சம்மா அத்தை மவன் ராஜவேலு."

குஞ்சம்மாள் அறிவரசனுக்குப் பெரியப்பா மகள். ராஜவேலுவுக்கும் கால் விழும். அது சொந்தத்தில் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் ரத்தம் கொடுக்க வந்தபோது அரைக்கால் சட்டை போட்ட பிள்ளை அவன்.

வெற்றிச்செல்வி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அம்மாடி, நான் சொல்றத அமைதியா கேளு. உனக்கு இருக்கா இல்லையான்னு இன்னும் தெரியாது. இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. உனக்கும் இருந்து அவனுக்கும் இருந்தா, ரெண்டு பக்கத்துலேருந்தும் ஒரே புள்ளைக்கு வரலாம். அது நம்மள மாதிரி வருசத்துல ஒரு நாளு கால் விழுறது கிடையாது. எவ்வளவு மோசமா இருக்கும்னு எனக்கே சொல்லத் தெரியல. கல்யாணத்துக்கு முன்னாடி ரத்தம் குடு. நான் பாத்துச் சொல்றேன்."

"பாத்துட்டு?"

"தெரிஞ்சிக்கலாம்."

"தெரிஞ்சி?" என்றாள் அபிநயா. "உங்களுக்குத்தான் எல்லாம் தெரிஞ்சிருந்துச்சு. தெரிஞ்சி இத்தன வருசம் என்ன பண்ணுனீங்க அத்தை?"

கோபமாகக் கேட்கவில்லை. கடையில் விலை கேட்பது போலக் கேட்டாள்.

"வெளிய எவனும் வர மாட்டேங்குறான். வந்தவனும் விசாரிச்சுட்டுப் போயிடுறான். கூடத்துக்கு வந்து உங்கள நான்தான் கூப்புட்டேன், அதனால உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. கோவப்பட்டு என்ன செய்ய? ராஜவேலு வூட்ல அப்படி இல்ல. அவங்களுக்கும் அதே நோவு. மறைக்க வேணாம். அவன் விழுந்தா நான் பாத்துக்குவேன். நான் விழுந்தா அவன் பாத்துக்குவான்."

"ரெண்டு பேரும் ஒரே நாள்ல விழுந்தா?"

போனில் சின்னதாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது. "குஞ்சம்மா அத்தை இருக்கு."

"அபி, புள்ளையப் பத்திச் சொன்னேனே."

"கேட்டுச்சு அத்தை." பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். அவள் குரலை இன்னும் தாழ்த்தினாள். "கல்யாணத்துக்கு வந்துடாதீங்க. நீங்க வந்தா அப்பா மணவறையிலேருந்து எந்திரிச்சுப் போயிடும். புள்ள பொறந்தா நானே சொல்லி அனுப்புறேன். ரத்தம் எடுக்க அப்ப வாங்க."

"சரிம்மா" என்றாள் வெற்றிச்செல்வி.